எழுதிக் கொடுத்த சாட்சி

“நேத்து நீ டிப்போவுல சிரிச்சியாமே?”

காலை ஆறரை மணி. காபிக்கு வைத்த தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று நாத்தனார் இதைக் கேட்டாள். நகையைத் திருடினாயா என்று கேட்கிறவர்களின் குரல்தான் அப்படி இருக்கும்.

கேட்கப்பட்டவளுக்கு ஐம்பத்தாறு வயது. பஸ் டிப்போவில் கிழிந்த இருக்கைகளைத் தைப்பது அவள் வேலை. அங்கே டிரைவர் முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் தையலம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே காலையில், ஒரே வேனில், புருஷனையும் ஒரே மகனையும் பறிகொடுத்தவள். அப்படிப்பட்டவள் சிரித்தாள் என்றால் அது செய்திதானே. டிப்போவில் நேரம் குறிக்கிறவரின் மனைவியும் நாத்தனாரும் ஆலயத்தில் ஒரே பெஞ்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“ஆமா அண்ணி... சிரிச்சேன்.”

“வாயைத் திறந்தா?”

“வாயைத் திறந்துதான் அண்ணி. மூடிக்கிட்டு சிரிக்க வரலை.”

சொன்ன பிறகுதான் அது எதிர்ப்பேச்சு மாதிரி இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்தில் மருமகள் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று மாமியாரைப் பார்த்தாள். அது கோபமா, வருத்தமா, அவளுக்குப் புரியவில்லை. முப்பது வயதுகூட ஆகாத அந்த முகத்தை இந்த இரண்டு வருஷமாக அவளால் படிக்க முடிந்ததே இல்லை.

“நான் வரேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

“பார்த்தியா, அந்தப் பொண்ணு மூஞ்சியை? அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்? பெத்தவ நீ சிரிக்கிறே... கட்டினவ அவ வயிறு எரியாதா?”

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது.

அப்படி என்னதான் சிரிப்பு? சொன்னால் உங்களுக்கும் வரும். பழைய பஸ் ஒன்றின் கடைசி நீள இருக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருக்கையின் மடிப்பில் சீப்பு, பேனா மூடி, ஒற்றைத் தோடு என்று தினமும் ஏதாவது கிடைக்கும். அன்று கையை விட்டால், எதுவோ கடித்துக்கொண்டிருக்கிற மாதிரி பிடித்தது. இழுத்துப் பார்த்தால் முழு பல்செட்டு, மேலும் கீழும் சேர்ந்து பஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மெக்கானிக், யாராவது லீவு போட்டால் மட்டும் வேலைக்கு வந்து நிற்பதால் ஸ்டெப்னி என்று பெயர் வாங்கியவன், அதைக் குனிந்து பார்த்தான்.

“டிக்கெட்டும் எடுக்காம, சீட்டையும் கடிச்சுத் தின்னுருக்கு பாருங்கக்கா,” என்றான்.

அவ்வளவுதான். எங்கேயிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு... கோணூசி கையிலிருந்து நழுவ, கண்ணில் நீர் வர, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டயர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். சிரித்ததற்காக அழவில்லை. சிரித்து முடித்த கணத்தில், “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று வாய் தானாகச் சொல்லியிருந்தது. அது அவளைப் பயமுறுத்திவிட்டது. இரண்டு வருஷமாக அவளுடைய ஜெபம் ஒரே வரிதான். காலையில் கண் விழித்ததும், “ஆண்டவரே, எழுந்திருச்சுட்டேன்.” வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அதற்கு மேல் அவரிடம் பேச அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நாத்தனாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷனின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அடக்கத்துக்கு ஒரே ஒரு பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. துக்கத்துக்குக் காவல்காரி மாதிரி அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ அலமாரி மேல் ஏறியது. திரைச்சீலைகள் இறங்கின. சாப்பாட்டு மேஜைக்கு நான்கு நாற்காலிகள். “அந்த ரெண்டும் அவங்களோடது. அதுல யாரும் உட்காரக் கூடாது,” என்று முதல் வாரமே சட்டம் போட்டாள். மீதி இரண்டு, வீட்டில் பெண்களோ மூன்று. ஆகையால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. நாத்தனார் ஏழு மணிக்கு, மருமகள் வேலை முடிந்து வந்து எட்டு மணிக்கு, தையலம்மா எல்லாம் கழுவி வைத்த பிறகு. சேர்ந்து அழக்கூட வழியில்லாமல் முறைவைத்து அழுத வீடு அது.

நாத்தனார் வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டாம் வருஷ நினைவு ஆராதனை. நீ சபை முன்னாடி எழுந்து உன் மனசுல இருக்கிறதைச் சாட்சியா சொல்லணும். போன வருஷம் தொண்டையை அடைக்குதுன்னு உட்கார்ந்துட்டே. இந்த வாட்டி நானே எழுதி வச்சிருக்கேன். பார்த்து வாசி. சொந்தமா ஒண்ணும் சேர்க்காதே.”

அவள் பிரித்துப் பார்த்தாள். ‘எனக்கு இனி இந்த உலகத்தில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. என் சிரிப்பு அவர்களோடு அடக்கம் பண்ணப்பட்டது...’ என்று தொடங்கி எட்டு வரி. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“இதை வாசிச்சுட்டா நேரம் குறிக்கிறவர் பொண்டாட்டி வாயும் அடங்கும். அந்தப் பொண்ணு மனசும் ஆறும்.”

“சரி அண்ணி,” என்றாள் அவள். நாத்தனாரின் பயம் வேறு, அவள் பயம் வேறு. மருமகளின் மனது ஆறவேண்டும். அந்த ஒன்றுக்காக எட்டு வரி என்ன, எண்பது வரியும் வாசிப்பாள்.

ஏனென்றால் அவள் மடியில் கனம் இருந்தது. அவர்களைப் பறிகொடுத்த அன்றைக்கு மகனுக்கு விடுமுறை. தூங்கிக்கொண்டிருந்தான். புருஷன் தச்சர். தூரத்து வீடு ஒன்றுக்குத் தான் செய்த கதவை வேனில் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். மழை வரும் போல இருந்தது. இவள்தான் மகனின் அறைக் கதவைத் தட்டினாள். “அப்பா தனியா போறாருடா. எழுந்து கூடப் போ,” என்றாள். மருமகள் காலை ஷிப்டுக்கு ஏற்கெனவே போயிருந்தாள். அவனை எழுப்பியது யார் என்று இவளிடம் யாரும் கேட்கவில்லை, இவளும் மருமகளிடம் சொல்லவில்லை. மலை வளைவில் வேன் உருண்டது என்று பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. அன்றிலிருந்து மருமகள் தன்னிடம் அளந்து பேசும்போதெல்லாம், தெரிந்துவிட்டதோ, தெரிந்துவிட்டதோ என்று அந்த முகத்தையே தேடித் தேடிப் பார்ப்பாள்.

புதன்கிழமை, மடித்த துணிகளை வைக்க மருமகளின் அறைக்குள் போனாள். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது. அதன் மேல் மருந்துக்கடையின் கடிதம். வேறொரு ஊரில் திறக்கிற கிளைக்கு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பொறுப்பாளராக வரவேண்டும் என்று இருந்தது.

துணிகளைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இரண்டு பேர் போனபோது மருமகள் ஒருத்தியாவது மிச்சம் என்று நினைத்திருந்தாள். இவளும் போனால்? நாத்தனாரோடு இரண்டு காலி நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டு...

அன்று சாயங்காலம் மருமகள் வந்ததும் நடையிலேயே நிறுத்தினாள்.

“கண்ணு... பெட்டியைப் பார்த்தேன்.”

மருமகளின் முகம் வெளுத்தது. “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியட்டும் அத்தை. அதுக்கப்புறம் நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“நான் சிரிச்சதாலயாம்மா?”

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். “அதுவும் ஒரு காரணம்தான் அத்தை,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. வியாழனும் வெள்ளியும் டிப்போவில் வாயே திறக்கவில்லை. ஸ்டெப்னி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எள் விழ இடமில்லை. முன்வரிசையில் நாத்தனார், இவள், மருமகள். புருஷன், மகன் பெயர்களைப் போதகர் வாசித்தார். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்தது.

“இப்போ அம்மா சாட்சி சொல்லுவாங்க,” என்றார் போதகர்.

மைக் முன்னால் போய் நின்றாள். காகிதத்தைப் பிரித்தாள். “எனக்கு... இனி இந்த உலகத்துல சந்தோஷம்னு...” என்றாள். தொண்டை அடைக்கவில்லை, குரல் நன்றாகவே வந்தது. ஆனாலும் அடுத்த சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. யார் முன்னால் நின்று யாரை ஏமாற்றுகிறோம் என்று இருந்தது. திங்கட்கிழமை சிரித்து முடித்ததும் யாருக்கு ஸ்தோத்திரம் சொன்னாளோ, அவருடைய வீட்டுக்குள் நின்றுகொண்டு இப்படி ஒரு பொய்யா? காகிதத்தை மடித்தாள்.

“இது எங்க அண்ணி எழுதிக் கொடுத்தது. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா உண்மை இல்லை. நான் திங்கக்கிழமை சிரிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு, வாய்விட்டு. அது ஆண்டவர் கொடுத்த மாதிரி இருந்துச்சு. அது தப்புன்னா அவர்கிட்டயே கேட்டுக்கறேன்...”

“உட்காரு,” என்று நாத்தனார் அடிக்குரலில் சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது.

“இன்னொண்ணும் இருக்கு அண்ணி. அதைச் சொல்லிட்டு உட்கார்றேன்.” அவள் மருமகளைப் பார்த்தாள். “கண்ணு... அன்னைக்கு உன் புருஷன் தூங்கிட்டுத்தான் இருந்தான். நான்தான் கதவைத் தட்டி எழுப்பி அனுப்பினேன். நான் எழுப்பாம இருந்திருந்தா அவன் உன்கூட இருந்திருப்பான். இதை உன்கிட்ட மறைச்சு, உன் கையால காபி வாங்கிக் குடிச்சிருக்கேன். நீ போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோம்மா. என்னை என்ன வேணா சொல்லு.”

மருமகள் எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேரே மைக்குக்கு வந்து மாமியாரின் பக்கத்தில் நின்றாள்.

“எனக்குத் தெரியும் அத்தை,” என்றாள்.

“...தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். ஒம்பது மணிக்கு வழியில இருந்து எனக்கு போன் பண்ணினார். அம்மா எழுப்பி விட்டுட்டாங்கன்னு. சிரிச்சுட்டே பேசினார். பேச முடியாத அளவுக்குச் சிரிப்பு...” அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மாமா கிளம்பற அவசரத்துல ஒரு கால்ல தன் செருப்பு, இன்னொரு கால்ல இவர் செருப்பு போட்டுட்டு வந்துட்டாராம். இவரும் தூக்கக் கலக்கத்துல மிச்சம் இருந்ததை மாட்டிக்கிட்டு ஓடியிருக்கார். வேன்ல ஏறி உட்கார்ந்த பிறகுதான் ரெண்டு பேரும் கீழே பார்த்திருக்காங்க. ‘கதவை மூணு தடவை அளந்து பார்த்த மனுஷன், காலைப் பார்க்கலை’ன்னு சொன்னார். பின்னாடி மாமா சிரிக்கிறதும் கேட்டுச்சு. ‘நல்லவேளை அம்மா எழுப்பினாங்க, இல்லேன்னா இந்தக் காட்சியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்’னு சொல்லிட்டு வச்சார். அதுதான் கடைசி.”

தையலம்மாவுக்கு மருத்துவமனையில் கொடுத்த இரண்டு பைகள் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் ஜோடி மாறிய செருப்புகள். செத்தவர்களின் பொருளைக்கூடப் பிரித்து வைக்க நாதியில்லாமல் போனார்களே என்று அந்தப் பைகளைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுதிருக்கிறாள்... யாரும் மாற்றவில்லை. அவர்களே அப்படித்தான் போனார்கள், சிரித்துக்கொண்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மைக் அந்தச் சிரிப்பை ஆலயம் முழுக்கப் பரப்பியது. அதோடு அழுகையும் வந்தது. மருமகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

“ஏம்மா சொல்லலை... இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லலை?”

“எப்படி அத்தை சொல்றது? அந்த வீட்டுல? அவர் சிரிச்சார்னு சொன்னா தப்பா இருக்குமோன்னு பயம். நீங்க எழுப்பினது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயம். வாயை மூடிட்டே இருந்தேன். திங்கக்கிழமை நீங்க சிரிச்சீங்கன்னு கேட்டதும்... எனக்குப் பொறாமையா இருந்துச்சு அத்தை. உங்களுக்கு ஒரு டிப்போ இருக்கு. எனக்குச் சிரிக்க ஒரு இடம்கூட இல்லையேன்னு.”

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தையலம்மா ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தாள்.

“அண்ணி... மன்னிச்சுடுங்க அண்ணி, நான் சபையில வச்சு...”

“செருப்பு...” என்றாள் நாத்தனார். “அம்மா போனப்போ அவனுக்கு நாலு வயசு. நான்தான் செருப்பு மாட்டி விடுவேன். ஒரு நாள்கூட ஒழுங்கா போட்டதில்லை, கழுதை. அறுபது வயசு வரைக்குமா...” மேலே சொல்ல முடியாமல் தம்பி மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “நான் இந்தத் துக்கத்தை விட்டுட்டா அவன் என்னை விட்டுப் போயிடுவான்னு நினைச்சேன்டி... எனக்கு வேற யாரு இருக்கா?”

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளும் ஓர் அக்கா என்று தையலம்மாவுக்குத் தோன்றியது. இத்தனை நாள் நாத்தனாராகவே பார்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் மருமகள் நேரே போய்த் தன் புருஷனுடைய நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அவளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கை கழுவும்போது மருமகள் மெதுவாகச் சொன்னாள். “அத்தை... வேலைக்கு வரலைன்னு எழுதிக் கொடுத்துடறேன். இங்கேயே இருக்கேன்.”

தையலம்மாவின் மனது முழுக்க, இரு கண்ணு, இரு, என்றுதான் கத்தியது. ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், அவள் போகமாட்டாள். ஆனால் அந்தக் கடிதத்தில் பொறுப்பாளர் என்ற சொல்லுக்குக் கீழே மருமகள் பென்சிலால் கோடு போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆசைப்பட்டுப் போட்ட கோடு.

“வேண்டாம். போ.”

“அத்தை...”

“கோபத்துல போயிருந்தா நான் செத்திருப்பேன். இப்போ ஆசையாப் போறே. ஆண்டவர் காட்டற வழியை நான் குறுக்க நின்னு அடைக்க மாட்டேன். உனக்கு இன்னும் வயசு இருக்கு. அங்கே உன்கூடச் சிரிக்க யாராவது கிடைச்சா, எனக்குப் பயந்து மறைக்காதே. முதல்ல என்கிட்ட சொல்லு.”

மருமகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈரக் கை.

மாதக் கடைசியில், டிப்போவிலிருந்தே கிளம்புகிற பஸ்ஸில் தையலம்மா மருமகளை ஏற்றிவிட்டாள். “இந்த வரிசையில உட்காரு. போன வாரம் நான் தைச்சது, உறுதியா இருக்கும்,” என்று இடம் பிடித்துக் கொடுத்தாள். பஸ் வாசலைத் தாண்டித் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியதும் கை தானாக இறங்கியது. பெற்ற பிள்ளையை அனுப்பின வீட்டிலிருந்து இன்று இவளையும் அனுப்பியாயிற்று. அந்தப் பெரிய டிப்போவில், அத்தனை பஸ்ஸுக்கும் நடுவில், தான் மட்டும் நிற்கிற மாதிரி இருந்தது. தனிமை போய்விடும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பினாள். ஸ்டெப்னி எதையும் சொல்லத் தெரியாமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வீட்டுக்குப் போங்கக்கா. நான் சொல்லிக்கறேன்.”

“வேண்டாம்ப்பா. அழுதுட்டே தைக்க எனக்குத் தெரியும். அடுத்த சீட்டைக் கொண்டா.”

அன்று வீட்டுக்குப் போக இரவு எட்டு மணி ஆகிவிட்டது. நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் இவ்வளவு நேரம்? அந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்துட்டேன்னு ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. நீ எங்கேன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?”

“வேலை இருந்துச்சு அண்ணி. நீங்க ஏழு மணிக்கே சாப்பிட்டிருப்பீங்களே?”

“நீ வராம நான் எப்படிச் சாப்பிடறது?” என்று எரிந்து விழுந்துவிட்டு நாத்தனார் உள்ளே போனாள். தையலம்மா வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு,” என்றாள் நாத்தனார், மேஜைக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு. “எனக்கு வார்த்தை வரலை.”

அவள் ஜெபம் பண்ணினாள். பஸ்ஸில் போனவளுக்காக, வேனில் போனவர்களுக்காக, எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்காக என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சாப்பாடு ஆறிப்போயிற்று. ஜெபம் போதும் என்று நாத்தனார் ஒரு தடவைகூட இருமிக் காட்டவில்லை.